பேய் வீடும் பெயர் எழுதிய மலையும்

செபமாலை மாதமாகிய அக்டோபர் முடிவுறும் நாள்களில் நகரத்துப் பெரிய அங்காடிகளில் புதிய அலங்காரம் ஒன்று தலைகாட்டுகிறது. கண்ணும் வாயும் குடைந்த பூசணிக்காய், வெள்ளைத் துணி போர்த்திய உருவம், காகிதத்தால் செய்த எலும்புக்கூடு, கறுப்பு வௌவால் ஆகியவை கண்ணாடிக் கதவுகளில் தொங்குகின்றன. சில ஆங்கிலப் பள்ளிகளில் குழந்தைகள் பேய் வேடமிட்டு வரவேண்டும் என்று அறிவிப்பும் வருகிறது. பொருட்காட்சிகளில் நாம் முன்பே கண்டு பழகிய 'பேய் வீடு', இப்போது ஹாலோவீன் என்னும் பெயரோடு புது மெருகு பெற்று நிற்கிறது. “அப்பா, நாமும் போகலாமா?” என்று பிள்ளைகள் கேட்கும்போது பெற்றோர் பலரும் திகைக்கின்றனர். போகலாம் என்பதா, கூடாது என்பதா? கூடாது என்றால் காரணம் என்ன சொல்வது?

இவ்வினாவைச் சற்று நிதானமாக ஆராய்வது நம் குடும்பங்களுக்குப் பயன் தரும். ஏனெனில் இப்பழக்கத்தின் வேர் நம் திருச்சபையின் திருநாள் ஒன்றோடு பின்னியிருக்கிறது. அதன் இன்றைய வடிவமோ, அச்சத்தை விலைக்கு விற்கும் வாணிகமாக வளர்ந்திருக்கிறது. அச்சம் என்பது என்ன, யாரைக் கண்டு யார் அஞ்சினர் என்னும் பாடத்தைக் கற்பிக்கும் மலை ஒன்றும் மதுரைக்கு மிக அருகில், கீழக்குயில்குடியில் நிற்கிறது.

திருநாளின் முன்மாலை

ஹாலோவீன் என்ற சொல்லுக்குப் புனிதர் அனைவர் திருநாளின் முன்மாலை என்பதே பொருள். நம் பாட்டன்மார் 'சகல அர்ச்சிஷ்டவர்கள் திருநாள்' என்று வழங்கிய அந்நாள் நவம்பர் 1. உரோமை நகரில் கி.பி. 609-இல் திருத்தந்தை நான்காம் போனிபாஸ், பழைய பாந்தியோன் ஆலயத்தைக் கன்னி மரியாவுக்கும் மறைசாட்சியர் அனைவருக்கும் நேர்ந்தளித்தார். எட்டாம் நூற்றாண்டில் திருத்தந்தை மூன்றாம் கிரகோரி, புனிதர் அனைவரின் நினைவாகப் புனித பேதுரு பேராலயத்தில் ஒரு சிற்றாலயம் அமைத்தார். அடுத்த நூற்றாண்டில், 835ஆம் ஆண்டளவில், நான்காம் கிரகோரியின் காலத்தில் நவம்பர் முதல் நாள் விழா பரந்த அளவில் நிலைபெற்றது. குளூனி மடத்து அதிபர் புனித ஓதிலோ, பத்தாம் நூற்றாண்டு முடிந்து பதினோராம் நூற்றாண்டு பிறந்த காலத்தில், மறுநாளாகிய நவம்பர் 2-ஐ இறந்தோர் அனைவருக்குமாகச் செபிக்கும் நாளாகத் தம் மடங்களில் ஏற்படுத்தினார். அதுவே நாம் கொண்டாடும் கல்லறைத் திருநாள். முதல் உலகப் போரில் இலட்சக்கணக்கானோர் மாண்டுகொண்டிருந்த 1915-இல், திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட், அந்நாளில் குருக்கள் மூன்று திருப்பலிகள் நிறைவேற்ற உலகெங்கும் இசைவு தந்தார்.

அயர்லாந்து நாட்டில் இதே பருவத்தில் அறுவடை முடிந்து குளிர்காலம் பிறப்பதைக் குறிக்கும் 'சவின்' என்னும் பழைய விழா இருந்தது. அன்றிரவு மறுவுலகின் கதவு திறந்திருக்கும் என்று மக்கள் எண்ணினர். பழைய விழாவின் பழக்கங்களும் புதிய திருநாளின் முன்மாலையும் கலந்தன. அயர்லாந்து மக்கள் கிழங்குகளைக் குடைந்து உள்ளே விளக்கேற்றினர். 1845-இல் தொடங்கிய கொடிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் அவர்கள் கூட்டங்கூட்டமாக அமெரிக்கா சென்றபோது இவ்வழக்கமும் உடன் சென்றது. அங்கே எளிதில் கிடைத்ததும் குடைவதற்கு இசைந்ததுமான பூசணி, கிழங்கின் இடத்தைப் பிடித்தது. ஆக, இன்று நம் அங்காடிகளில் சிரிக்கும் பூசணிக்காய், பசியால் தாய்நாடு துறந்த கத்தோலிக்க ஏழைகளின் மூட்டையோடு கடல் கடந்த ஒன்று. இதை அறிந்தவர் அதைக் கண்டு வெகுண்டு எழவும் மாட்டார். கண்மூடி அதன்பின் ஓடவும் மாட்டார்.

அச்சம் விலைக்கு வந்த கதை

பேய் வீடு என்னும் கேளிக்கை இதனினும் இளையது. 1930களின் பொருளாதார நெருக்கடிக் காலத்தில், அமெரிக்க நகரங்களில் ஹாலோவீன் இரவில் சிறுவர் செய்த குறும்பு எல்லை கடந்து பொருட்சேதமாக முடிந்தது. அவர்களைத் தெருவிலிருந்து திருப்ப வேண்டிப் பெற்றோரும் ஊர்ப் பெரியோரும் வீட்டு நிலவறைகளை இருட்டாக்கி, ஈரத் துணியும் சங்கிலி ஓசையும் வைத்து, பிள்ளைகளை வரிசையாக நடத்திச் சென்றனர். பின்னர் அறச் சங்கங்கள் நிதி திரட்ட இதைக் கையாண்டன. 1969-இல் டிஸ்னி நிறுவனம் கலிபோர்னியாவில் பேய் மாளிகை ஒன்றைத் திறந்தது. நாளடைவில் இது பெருந்தொழிலாயிற்று.

இருட்டில் நடப்பவர் அலறிவிட்டு, வெளியே வந்ததும் ஏன் சிரிக்கின்றனர்? திடீர் ஓசையைக் கேட்டவுடன் உடல் ஆபத்தென்று எண்ணி அட்ரினலினைச் சுரக்கிறது, இதயம் விரைகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. ஆனால் அறிவோ, “இது பொய், வாசல் அருகில்தான் இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. இவ்விரண்டின் இடைவெளியில் பிறப்பதே அந்தச் சிரிப்பு. பொய்யையும் மெய்யையும் பிரித்தறியும் பருவம் எட்டாத சிறு குழந்தைக்கு இந்த இடைவெளி கிடையாது. அதற்கு அச்சம் மட்டுமே மிஞ்சும், சிரிப்பு வராது. ஆகவே “பயந்தாங்கொள்ளி” என்று பரிகாசம் செய்து சின்னஞ்சிறாரை உள்ளே இழுத்துச் செல்வது அறிவுடைமையன்று.

மற்றோர் ஆபத்தும் உண்டு. 1984 மே 11 அன்று அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்துப் பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றில் 'பேய்க் கோட்டை' தீப்பற்றி எரிந்தது. இருளிலும் புகையிலும் வழி தெரியாது எட்டு இளைஞர் மாண்டனர். தீயணைக்கும் நீர்த்தெளிப்பான்கள் அங்கே இல்லை. அதன் பின்னரே இத்தகைய இடங்களுக்குக் கடும் பாதுகாப்பு விதிகள் பரவலாயின. 2022 அக்டோபர் 29 இரவு, தென்கொரியத் தலைநகர் சியோலில் ஹாலோவீன் கொண்டாடக் குறுகிய சந்தில் திரண்ட கூட்ட நெரிசலில் 159 பேர் உயிரிழந்தனர். துணியும் தெர்மாகோலும் மின்கம்பியும் நிறைந்த இருட்டு அறைக்குள் நம் பிள்ளைகளை அனுப்புமுன் இரண்டாவது வாசல் எங்கே, உள்ளே எத்தனை பேரை விடுகிறார்கள் என்று பார்ப்பது பெற்றோரின் கடமை.

சிறைச்சாலை பேய் வீடான வரலாறு

பழைமை மிக்க கட்டடத்தில் பேய் வீடு நடத்துவது மேலைநாட்டில் பெருவழக்கு. அவற்றுள் புகழ் பெற்றது பிலடெல்பியா நகரின் கிழக்கு மாநிலச் சிறைச்சாலை. 1829-இல் திறக்கப்பட்ட அக்கட்டடம் நல்லெண்ணத்தில் பிறந்தது என்பதை மறுக்க இயலாது. கசையடியும் கூட்டுச் சிறையும் மனிதரைக் கெடுக்கின்றன. தனிமையில் இருந்து தன் பாவத்தை நினைந்து வருந்தினால் எவனும் திருந்துவான் என்று குவேக்கர் சமயத்தார் முதலிய நல்லோர் நம்பினர். எனவே ஒவ்வொரு கைதிக்கும் ஒரு தனி அறை, கூரையில் வானம் தெரிய ஒரு சிறு துளை, கையில் விவிலியம். பேச்சுக்கு ஆள் இல்லை. அறையைவிட்டு வெளியே கொண்டுசெல்லும்போது முகத்தை மூடும் முகமூடி. கைதியின் பெயர் மறைந்தது, எண் நின்றது.

1842-இல் அதைப் பார்வையிட்ட ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் மனம் நடுங்கினார். உடலில் விழும் அடியைக் காட்டிலும் உள்ளத்தை நாள்தோறும் சிறிது சிறிதாக அரிக்கும் இத்தனிமை கொடிது என்னும் கருத்தைத் தம் பயண நூலில் வெளியிட்டார். ஆயினும் அந்தத் தனிமை முறை 1913-இல்தான் சட்டப்படி கைவிடப்பட்டது. சிறை 1971-இல் மூடப்பட்டது. கூரை சரிந்து, அறைகளுக்குள் மரங்கள் முளைத்தன. இடிந்துகொண்டிருந்த அதைக் காக்கப் பணம் வேண்டியிருந்தது. 1991-இல் நிதி திரட்டும் பொருட்டு ஹாலோவீன் இரவில் பேய் நிகழ்ச்சி தொடங்கியது. 'சுவர்களுக்குப் பின்னால் பயங்கரம்' என்ற கருத்தமைந்த பெயரில் 2019 வரை அது நடந்தது. 2021 முதல் அப்பெயரை விடுத்து, 'ஹாலோவீன் இரவுகள்' என்ற பெயரில் நடத்துகின்றனர்.

இங்கே நியாயம் இரு பக்கமும் உண்டு. அந்தப் பணம் இல்லையேல் அச்சுவர்கள் இன்று நில்லா. அப்பணத்தின் துணையால் அங்கே பகற்காலத்தில், சிறைவாழ்வு பற்றியும் இன்றைய சிறைகளின் நிலை பற்றியும் சிந்திக்கவைக்கும் கண்காட்சிகளும் நடைபெறுகின்றன. எனினும் ஓர் உறுத்தல் எஞ்சுகிறது. உண்மையில் மனிதர் அழுத அறையில், பொய்யாக அழுது காட்டுபவரைப் பார்த்து நாம் சிரிக்கலாமா? அந்த அறையில் இருந்தவன் ஒரு தாயின் மகன் அல்லவா? அவன் பெயர் என்ன?

குயில்குடி மலையடியில்

இந்த வினாவை மனத்தில் கொண்டு கீழக்குயில்குடிக்குச் செல்வோம். மதுரையிலிருந்து தேனிச் சாலையில் மேற்கே ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் சென்று, நாகமலைப் புதுக்கோட்டையருகே தெற்கே திரும்பினால் மொட்டைப் பாறையாக எழுந்து நிற்பது சமணர் மலை. அடிவாரத்தில் ஆலமரங்கள், தாமரைக் குளம், ஐயனார் கோயில். வீரக் குதிரைகளும், பிதுங்கிய விழியும் முறுக்கு மீசையும் ஓங்கிய அரிவாளுமாகக் கருப்பசாமியும் நிற்கும் அவ்விடம் அறியாத சிறுவரை அச்சுறுத்தும். ஆனால் ஊராரைக் கேட்டால், “எங்களைக் காக்கிற சாமி” என்பர். அந்த விழி ஊரைப் பார்த்து உருட்டவில்லை. ஊருக்குத் தீங்கு செய்ய வருபவனைப் பார்த்தே உருட்டுகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அயலாருக்கு அச்சமாகத் தோன்றுவது அவ்வூராருக்கு அடைக்கலமாக இருக்கிறது. பிற சமயத்தாராகிய நம் அயலாரின் வழிபாட்டிடத்தில் அடக்கத்தோடு நடந்து, படிகளில் ஏறுவோம்.

இம்மலையைப் பற்றி மதுரைப் பக்கத்துக் குழந்தைகள் கேட்டு வளரும் கதை நடுங்க வைப்பது. ஏழாம் நூற்றாண்டில் பாண்டியன் அவையில் நடந்த சமய வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணர் கழுவேற்றப்பட்டனர் என்பதே அது. சைவப் புராணங்கள் இதைப் பாடின. கோயில் ஓவியங்களிலும் இக்காட்சி தீட்டப்பட்டது. நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்திய இந்நூல்களைக் கொண்டு அதை வரலாறாக ஏற்க இயலாது என அறிஞர் பலர் கருதுகின்றனர். பேய் வீடு கட்ட விரும்புவோர்க்கு இதைவிட நல்ல கதை வேண்டுமா?

ஆனால் மலையில் உள்ள கல் வேறு கதை கூறுகிறது. கிழக்குப் பக்கம் ஏறினால் பேச்சிப்பள்ளம் என்னும் சுனைக்கரை வருகிறது. அங்கே பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் திருவுருவங்கள். தலைமேல் பாம்பு குடைபிடிக்கப் பார்சுவநாதர், கொடி படர்ந்த காலோடு பாகுபலி. கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். மலையின் தென்மேற்கே செட்டிப்புடவு என்னும் குகை. அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரின் நீண்ட காதைக் கண்டு செட்டியார் என்று ஊரார் எண்ணியதால் வந்த பெயர் அது. குகையின் உட்புறத்தே சிங்கத்தின்மேல் அமர்ந்து யானைவீரனை எதிர்க்கும் இயக்கியும் உண்டு. மலைமேல், மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளியின் அடித்தளம் எஞ்சியிருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பராந்தக வீரநாராயண பாண்டியன் காலத்தது அது. அரசியின் பெயரால் அமைந்தது என்பர். உச்சியில் கன்னடக் கல்வெட்டு ஒன்றும் காணப்படுகிறது.

காலக் கணக்கைச் சற்று நோக்குங்கள். ஏழாம் நூற்றாண்டில் சமணர் பூண்டோடு அழிக்கப்பட்டிருந்தால், இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அதே மதுரையின் எல்லையில், பாண்டியர் ஆட்சியிலேயே, இவ்வளவு பெரிய பள்ளியும் ஆசிரியரும் மாணாக்கரும் எங்கிருந்து வந்தனர்? சமயப் பூசல் இருந்ததை மறுப்பதற்கில்லை. ஆயினும் எண்ணாயிரம் கழுமரங்களின் கதையைக் கல் உறுதி செய்யவில்லை. மாறாக, வாழ்ந்தவர் பெயரையே எடுத்துச் சொல்கிறது.

ஆம், பெயர்களையே சொல்கிறது. இன்னார் மாணாக்கர் இன்னார் செய்வித்த திருமேனி என்று ஒவ்வோர் உருவத்தின்கீழும் பொறித்திருக்கிறார்கள். அச்சணந்தி என்னும் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்தது என ஓர் உருவத்தின்கீழ் எழுதியிருக்கிறது. மகன் துறவியானான், தாய் அவன் போற்றிய அறத்துக்காகத் திருவுருவம் செய்வித்தாள். ஆயிரம் ஆண்டு வெயிலும் மழையும் அந்தத் தாயின் பெயரை அழிக்கவில்லை.

இதே மலையில் துறவியர் கற்படுக்கையில் தனித்திருந்தனர். பிலடெல்பியாவிலும் மனிதர் தனித்திருந்தனர். முன்னது தானே விரும்பி ஏற்ற தனிமை. அதில் விடுதலை கண்டனர். பின்னது பிறர் சுமத்திய தனிமை. அதில் பலர் மனம் சிதைந்தனர். தவத்தைச் சட்டத்தால் புகட்ட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சுவரில்லாச் சிறை

கீழக்குயில்குடி கண்ட மெய்யான பயங்கரம் மலைமேல் அன்று, மலையடியில் நிகழ்ந்தது. அது புராண காலத்ததும் அன்று.

1871-இல் ஆங்கில அரசு குற்றப்பரம்பரைச் சட்டம் என ஒன்றை இயற்றியது. 1911-இல் அதைத் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் விரித்தது. ஒரு குறிப்பிட்ட குலத்தில் பிறந்தாலே ஒருவன் குற்றவாளி என்பது அதன் அடிப்படை. பிலடெல்பியாவில் தனிமைச் சிறை முறை கைவிடப்பட்ட மறு ஆண்டு, அதாவது 1914-இல், மதுரை வட்டாரத்துப் பிரமலைக் கள்ளரிடையே இச்சட்டம் முதன்முதலாகப் பாய்ந்த ஊர் கீழக்குயில்குடி. பின்னர் பிற ஊர்களுக்கும், 1918 அளவில் அச்சமூகம் முழுமைக்கும் அது பரவியது. தலைமுறை தலைமுறையாக ஊர்க்காவல் தொழில் புரிந்துவந்த மக்கள் அவர்கள். காக்கும் தெய்வத்தை வணங்கிய காவற்காரரைக் கள்வர் என்று ஏட்டில் எழுதினர்.

சட்டம் என்ன செய்தது? ஆடவரின் பத்து விரல்களையும் மையில் தோய்த்து ரேகை பதிந்தனர்; அதனால் மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். இரவானால் வீட்டில் படுக்க உரிமை இல்லை. காவலர் கண்காணிக்கக் குறித்த இடத்தில் கூட்டமாகப் படுக்க வேண்டும். ஊர்விட்டு ஊர் போக 'ராதாரிச் சீட்டு' வேண்டும். மனைவி பிரசவ வேதனையில் துடித்தாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும், சாவடியில் கணக்குக் கொடுத்தாக வேண்டிய நிலை. சுவர் இல்லை, பூட்டு இல்லை. ஆயினும் ஊரே சிறை. 1920 ஏப்ரல் 3-ஆம் நாள், உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்த மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பதினாறு பேர் மாண்டனர். அவருள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருவர்.

இச்சட்டத்தைப் பலர் எதிர்த்தனர்; முத்துராமலிங்கத் தேவர் அதற்கெனப் போராடினார். நம் வாசகர் சிறப்பாக அறிய வேண்டிய ஒருவர் ஜார்ஜ் ஜோசப். கேரளத்தின் செங்கன்னூரில் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் 1887-இல் பிறந்து, இங்கிலாந்தில் சட்டம் பயின்று, மதுரையில் வழக்கறிஞராக வாழ்ந்தவர். விடுதலைப் போரில் சிறை சென்றவர். குலமும் மொழியும் வேறான இம்மக்களுக்காக நீதிமன்றத்தில் வாதிட்டார். சட்டத்தைக் கண்டித்து எழுதினார். மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்தனர். தம் பிள்ளைகளுக்கும் ரோசாப்பூ என்று பெயரிட்டனர். 1938-இல் மதுரையிலேயே அவர் காலமானார். சட்டம் சென்னை மாகாணத்தில் நீங்கியது 1947-இல். இந்தியா முழுவதும் நீங்கியது 1952-இல்.

கிறிஸ்தவரைப் பற்றிப் பெருமையாகச் சொன்ன நாம் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. நாட்டின் வேறு பகுதிகளில் இச்சட்டத்தின்கீழ் அமைந்த குடியேற்றங்கள் சிலவற்றை நடத்தியவரும் கிறிஸ்தவ அமைப்பினரே. இன்றைய ஆந்திரத்தின் ஸ்டூவர்ட்புரத்தை நிர்வகித்தது சால்வேஷன் ஆர்மி. கல்வியும் தொழிலும் தரவேண்டும் என்ற நல்லெண்ணம் அவர்களுக்கு இருந்திருக்கலாம். குவேக்கர்களுக்கும் அது இருந்தது. ஆனால் எதிரே நிற்பவனைப் பிறவிக் குற்றவாளி என்று ஏற்றுக்கொண்ட பின் செய்யும் உதவி, சிறைக் கதவுக்கு எண்ணெய் இடுவது போன்றதே.

எது பேய்?

இப்போது பிள்ளைகளின் வினாவுக்கு வருவோம். பேய் வீட்டில் இருப்பது பேய் அன்று. துணி போர்த்திய, கூலிக்கு நிற்கும் ஏழை இளைஞன். அவனைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டிய பேய் வேறொன்று உண்டு. “அந்த ஊர்க்காரனா, எச்சரிக்கை”. “அந்தத் தெருவா, பிள்ளையை விடாதே”. “அந்தச் சாதியா, நம்பாதே” என்று நம் வீட்டுத் திண்ணையிலே பேசப்படும் பேச்சே அது. முகம் பாராமல், பெயர் கேளாமல் ஒரு மனிதக் கூட்டத்தை அச்சப் பொருளாக்குவது அப்பேயின் தொழில். 1914-இல் அதற்குச் சட்டப் புத்தகம் கிடைத்தது. இன்று சட்டம் போயிற்று. பேச்சும் போய்விட்டதா? நம் பங்குகளிலும், ஏன், நம் கல்லறைத் தோட்டங்களிலுங்கூட, இன்னார்க்கு இப்பக்கம், இன்னார்க்கு அப்பக்கம் என்று பிரிவுச் சுவர் எழுப்பிய வெட்கக்கேடு தமிழகத்தில் இருந்ததை நாம் அறிவோம். இறந்தவரைக் கண்டு அஞ்சுவது அறியாமை. இறந்தபின்னும் ஒருவரைத் தீண்டத்தகாதவர் என்பது பாவம்.

வானதூதர் மனிதர்முன் தோன்றும்போதெல்லாம் முதலில் அச்சத்தையே அகற்றுவதாக மறைநூல் காட்டுகிறது. அஞ்சுபவன் அன்பு செய்ய மாட்டான்; அஞ்சப்படுபவனுக்கு அன்பு கிடைக்காது. ரோசாப்பூ துரை எளிதில் கடந்தது இந்த அச்சத்தின் எல்லையைத்தான்.

குடும்பங்களுக்குச் சில சொற்கள்

பிள்ளைகள் பேய் வீடு காண விரும்பினால், வளர்ந்த பிள்ளைகளாயின், பாதுகாப்பை ஆராய்ந்து அழைத்துச் செல்வதில் பெருங்குற்றம் ஏதுமில்லை. சின்னஞ்சிறாரைத் தவிர்க்கவும். இறந்தோரை இகழும் வேடங்களும், ஏழை, நோயாளி, மனநோயுற்றோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரைப் பயங்கரமாகக் காட்டும் வேடங்களும் இருப்பின், “இது சரியன்று” என்று அங்கேயே பிள்ளைக்குச் சொல்லவும். பள்ளியில் வேடமணிய வேண்டுமெனில், பிள்ளை தன் பெயருக்குரிய புனிதரின் உடையணிந்து போகட்டும். அன்று மாலை யாருடைய முன்மாலை என்பதும் அவனுக்கு விளங்கும்.

நவம்பர் 2-ஆம் நாள் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுக் கல்லறைக்குப் போகாதீர்கள். மெழுகுவர்த்தியைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். புல்லைச் செதுக்கி, பூவைத் தூவி, கல்லில் உள்ள எழுத்தை விரலால் தடவி வாசிக்கச் சொல்லுங்கள். “இவர் உன் தாத்தாவின் அப்பா, இன்ன தொழில் செய்தார், பஞ்ச காலத்தில் இன்ன ஊரிலிருந்து நடந்து வந்தார்” என்று கூறுங்கள். நூற்றுக்கணக்கான சுடர்கள் எரியும் அந்த மாலையில் கல்லறைத் தோட்டத்தில் ஓடி விளையாடி வளர்ந்த பிள்ளை, பிணக்குழியைக் கண்டு வாழ்நாள் முழுதும் அஞ்சாது. பெயர் அழிந்த கல்லறைக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். இறந்தோர் பெயர்ப் பட்டியலைப் பங்குக் குருவிடம் கொடுக்கும்போது, உறவில்லாத ஒருவரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

வாய்ப்புள்ள குடும்பங்கள் விடுமுறை நாள் ஒன்றில், காலை இளவெயிலில், கீழக்குயில்குடி மலைக்குப் பிள்ளைகளோடு சென்று வாருங்கள். பாறை சூடேறுமுன் ஏறி இறங்குவது நலம். குடிநீர் கொண்டு செல்லுங்கள். சிற்பங்களின்மீது பெயர் கிறுக்குவது சட்டப்படியும் குற்றம், அறத்தின்படியும் குற்றம். ஆயிரம் ஆண்டு நின்ற குணமதியாரின் பெயருக்கு மேல் நம் பெயரைக் கீறிவைக்க நமக்கு என்ன தகுதி? மதுரை வட்டாரத்துக் குன்றுகள் பல கல்லுடைப்பால் உருமாறிப் போயின; எஞ்சியவற்றைக் காக்கும் பொறுப்பும் காண்போருக்கு உண்டு. இறங்கி வந்ததும் ஆலமரத்தடியில் அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியவரிடம் பணிவாகப் பேச்சுக் கொடுங்கள். ரேகைச் சட்டத்தின் இரவுகளைப் பற்றித் தம் பாட்டன்மார் கூறியதை அவர் சொல்லக்கூடும். பிள்ளைகள் அதைக் கேட்கட்டும்.

பேய் வீட்டிலிருந்து திரும்பும் பிள்ளை ஓர் அலறலை நினைவில் கொண்டுவரும். அது இரண்டு நாளில் மறந்துபோகும். கல்லறைத் தோட்டத்திலிருந்தும் குயில்குடி மலையிலிருந்தும் திரும்பும் பிள்ளை சில பெயர்களைக் கொண்டுவரும். குணமதியார், மாயக்காள், ரோசாப்பூ துரை, தன் பாட்டனின் தந்தை. பெயர் தெரிந்தவரைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை. இந்த நவம்பர் மாதத்தில் நம் பிள்ளைகளுக்குப் பெயர்களைச் சொல்லிக் கொடுப்போமாக.